ஜெல்லி செய்த பெண்ணும் அகர் தட்டும்

மைக்ரோபயாலஜி லேபுக்குள் நுழைந்தவர்கள் யாரும் அகர் தட்டைத் தொடாமல் தப்ப முடியாது. இளமஞ்சளாக உறைந்து கிடக்கும் அதன்மேல் கம்பி வளையத்தால் பாக்டீரியாவைக் கோடு கோடாக இழுத்து, தட்டைக் கவிழ்த்து, 37 டிகிரி இன்குபேட்டருக்குள் வைத்தால் மறுநாள் காலையில் புள்ளி புள்ளியாகக் காலனிகள். (கவிழ்ப்பது எதற்கு? மூடியில் கோர்க்கும் நீர் சொட்டினால் காலனிகள் ஒன்றோடொன்று கலந்துவிடுமே!)

ஈ.கோலை பாக்டீரியா, சாப்பாடும் சூடும் சரியாக அமைந்தால், சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி... ஏழே மணி நேரத்தில் 20 லட்சத்தைத் தாண்டிவிடும். இது காகிதக் கணக்கு. நிஜத்தில் முதலில் கொஞ்ச நேரம் புது இடத்துக்குப் பழகும், பிறகு மளமளவென்று பெருகும், சாப்பாடு தீர்ந்து கழிவு சேர்ந்ததும் நின்றுபோகும், அப்புறம் சாக ஆரம்பிக்கும்.

ஆக, வளர்ப்பது பெரிய விஷயமே இல்லை. திறந்து வைத்த ரசத்தில்கூட வளரும்! பிரித்தெடுப்பதுதான் கஷ்டம். திரவத்தில் பத்து வகைக் கிருமிகள் இருந்தால் பத்தும் கலந்தே வளரும். நோயைத் தந்தது எது என்று எப்படிச் சொல்வது? கெட்டியான பரப்பு என்றால் ஒரு கிருமி விழுந்த இடத்திலேயே அதன் வாரிசுகள் குவியும். அந்தக் குவியல்தான் காலனி.

ஜெர்மனியில் ராபர்ட் கோக் இதற்காக முதலில் வேகவைத்த உருளைக்கிழங்குத் துண்டுகளைப் பயன்படுத்தினார். எல்லாக் கிருமிக்கும் உருளைக்கிழங்கு பிடிக்கவில்லை. அடுத்து ஜெலட்டின். அதில் இரண்டு தொல்லைகள். உடல் சூட்டில் அது உருகிவிடும். மனிதனைத் தாக்கும் கிருமிகளுக்கோ அந்தச் சூடுதான் வேண்டும்! போதாததற்குச் சில பாக்டீரியாக்கள் ஜெலட்டினையே தின்று கரைத்துவிடும்.

கோக்கின் லேபில் வேலை செய்த வால்தர் ஹெஸ்ஸே என்ற மருத்துவரும் 1881-ல் இதே தொல்லையில் மாட்டிக்கொண்டார். காற்றிலுள்ள கிருமிகளை ஆராய்ந்து வந்த அவருடைய தட்டுகள் வெயில் காலத்தில் உருகி வீணாயின. அவருடைய மனைவி ஃபேனி, நியூயார்க்கில் வளர்ந்தவர். கணவரின் ஆய்வுகளுக்கு உதவியவர், நுண்ணோக்கியில் தெரிவதைப் படமாக வரைந்து கொடுத்தவர். உன் ஜெல்லியும் புட்டிங்கும் மட்டும் இந்த வெயிலில் எப்படி உருகாமல் நிற்கின்றன என்று கணவர் கேட்டாராம். அகர்-அகர் போடுகிறேன் என்றாராம் ஃபேனி. ஜாவாவில் வாழ்ந்து வந்த டச்சுக்காரர்களிடம் நியூயார்க்கில் கற்றது என்று குடும்பத்தில் சொல்வார்கள். நோன்பு காலத்தில் நம்மூர் முஸ்லிம் வீடுகளில் பாலில் காய்ச்சி உறைய வைக்கும் கடல்பாசி இருக்கிறதே, அதே சரக்குதான்!

அகரை உருக்க ஏறக்குறைய கொதிநிலை வேண்டும். ஆனால் 40 டிகிரிக்குக் கீழே வந்தால்தான் உறையும். உறைந்த பிறகு 37 டிகிரியில் அசையாது. பெரும்பாலான பாக்டீரியாக்களுக்கு அதைத் தின்னவும் தெரியாது. கேட்டதெல்லாம் ஒரே பொருளில்! வால்தர் விஷயத்தைக் கோக்குக்குத் தெரிவித்தார்.

1882-ல் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்ததாகக் கோக் அறிவித்தார். அது இரண்டாகப் பிரிய ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். தட்டில் கண்ணுக்குத் தெரிய வாரக்கணக்கில் உடல் சூட்டிலேயே வைத்திருக்க வேண்டும். அவர் பெரும்பாலும் அதை வளர்த்தது உறையவைத்த ரத்த சீரத்தில். அகரிலும் அது வளரும் என்று கட்டுரையில் ஒரு வரி எழுதினார். ஹெஸ்ஸே தம்பதியின் பெயர் அதில் இல்லை. மறந்துவிட்டாரோ, சமையலறைச் சங்கதிக்கெல்லாம் பெயர் போடுவானேன் என்று நினைத்தாரோ! 1887-ல் மூடியுள்ள தட்டை விவரித்த ஜூலியஸ் பெட்ரியும் கோக்கின் உதவியாளர்தான். அவர் பெயர் தட்டோடு ஒட்டிக்கொண்டது.

அகருக்காக ஹெஸ்ஸே குடும்பத்துக்குப் பணம் எதுவும் வரவில்லை. வால்தர் 1911-ல் இறந்தார். ஃபேனி அதன்பின் 23 ஆண்டுகள் இருந்து 1934-ல் இறந்தார். அதற்குள் லேபுகளில் ஜெலட்டின் தட்டு பெரும்பாலும் மறைந்து, அகர் தட்டே வழக்கமாகியிருந்தது.