நாயைப் பிடிங்க!



மங்கோலியாவில் மேய்ப்பர் வீட்டுக்குப் போனால் கதவைத் தட்டக் கூடாதாம். தூரத்திலேயே நின்று, "நோஹோய் ஹோர்!" என்று குரல் கொடுக்கணும். "நாயைப் பிடிங்க!" என்று அர்த்தம். 2024-இல் அங்கே ஒரு கிராமப் பள்ளியில் தன்னார்வலராக ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த என் சித்தி சொன்னது இது.

அவர்கள் வீட்டுக்குப் பெயர் 'கெர்'. மரச்சட்டத்தின் மேல் ஆட்டு ரோம விரிப்பு போர்த்திய வட்டக் கூடாரம். வாசல் தெற்குப் பார்த்திருக்கும். நிலைப்படியை மிதிக்கக் கூடாது. உள்ளே போய் உட்கார்ந்ததும் உப்புப் போட்ட பால் டீ வந்துவிடும்.

"முன்பின் தெரியாதவங்களுக்குமா சித்தி?" என்று கேட்டேன்.

"வெளியே மைனஸ் 40 டிகிரி வரைக்கும் போகும்டி. கதவைத் திறக்கலேன்னா வந்தவர் உயிரே போயிடும். நாளைக்கு நாமளும் இன்னொருத்தர் வாசல்ல நிக்கலாம் இல்லையா?" என்றாங்க.

2023-24 குளிர்காலத்தில் 'ஸூட்' எனப்படும் கொடும்பனியில் அந்த நாட்டில் 70 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் செத்துப்போயின. பனி மூடியதால் மேயப் புல் கிடைக்கவில்லை. சித்தி போன ஒரு வீட்டிலும் பாதி ஆடுகள் இல்லை. அங்கேயும் முதல் கிண்ணம் டீ சித்திக்குத்தான். அந்த வீட்டுப் பையன் பள்ளி விடுதியில் தங்கிப் படிக்கிறான். "வீட்டு ஞாபகம் வருமா?" என்று சித்தி கேட்டதற்கு, "ஆட்டுக்குட்டி ஞாபகம்தான் வரும்" என்றானாம்.

நானும் விடுதி மாணவிதான். இப்பெல்லாம் புதுசா வர்ற பிள்ளையிடம் முதலில், "சாப்பிட்டியா?" என்றுதான் கேட்கிறேன். பேரு, ஊரெல்லாம் அப்புறம்.

– 9-ஆம் வகுப்பு மாணவி