மக்கத்து வெயிலும் சில ஐயங்களும்

2024ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது, ஜூன் 17ஆம் நாள், ஹரம் ஷரீபில் வெப்பம் 51.8 டிகிரி செல்சியசை எட்டியது. அவ்வாண்டு இறந்தோர் 1,301 பேர் எனச் சவூதி அரசு அறிவித்தது. அவர்களுள் ஐவரில் நால்வர் உரிய அனுமதியின்றிச் சென்று, நிழலுமின்றி நெடுந்தொலைவு நடந்தவர்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

இதுபற்றிப் பேச்செழுந்தபோது, "மக்கத்து வெயில் இன்று நேற்றா காய்கிறது?" என்று கேட்டார் நம் மூத்த உறவினர் ஒருவர். நியாயமான கேள்வியே. பிறைக் கணக்கின்படி ஹஜ்ஜு ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்ந்து, ஏறத்தாழ 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றிவருகிறது. ஆகவே ஒரு ஹஜ்ஜின் வெயிலைக் கொண்டு எதையும் நிறுவ இயலாது. நாமும் அதற்கு முயலவில்லை. ஆனால் பாலை என்றும் சுடும் என்பது வேறு, சூடு ஏறிவருகிறது என்பது வேறு. உலகம் முழுவதும் எடுத்த அளவுகளின்படி, 1850–1900 காலச் சராசரியைவிட 2024 ஏறத்தாழ ஒன்றரை டிகிரி மிகுதி.

"சூரியன் செய்யும் வேலையாக இருக்கலாமே?" என்றார் அடுத்து. அவ்வாறாயின் காற்று மண்டலம் அடிமுதல் முடிவரை சூடேற வேண்டும். நடப்பதோ வேறு: கீழ்க்காற்று சூடேற, மேலடுக்கு குளிர்ந்துவருகிறது. வெப்பத்தை இடையில் ஏதோ ஒன்று போர்வைபோல் தடுத்து வைத்திருக்கிறது. அதுதான் கரியமில வாயு. ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1958இல் அளக்கத் தொடங்கியபோது, காற்றின் பத்து இலட்சம் பங்கில் அது 315 பங்கு இருந்தது. இன்று 420ஐக் கடந்துவிட்டது. அண்டார்டிகாப் பனிக்கட்டிக்குள் சிறைப்பட்ட பழங்காற்றை ஆராய்ந்ததில், எட்டு இலட்சம் ஆண்டுகளாக அது 300ஐ ஒட்டியோ அதற்குக் கீழோதான் நின்றிருக்கிறது. எஞ்சியது நிலக்கரியும் எண்ணெயும் எரித்த கைகளின் வேலை.

"எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம்" என்று முடித்தார். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொல்லப்பட்டவர்கள் அல்லவா நாம் என்றோம். சிரித்துக்கொண்டார்.

இனிவரும் ஆண்டுகளில் ஹஜ்ஜு இளவேனிலுக்கும் குளிர்காலத்துக்கும் நகரும், இப்பேச்சும் அடங்கிவிடும். சூடானில் பிறந்த அறிஞர் எல்ஃபாதிஹ் எல்தாஹிரும் உடன் ஆய்ந்தோரும் 2019இல் வெளியிட்ட ஆய்வு வேறொரு கணக்கைச் சொல்கிறது. 2047 முதல் 2052 வரை ஹஜ்ஜு மீண்டும் வெப்பமும் ஈரக்காற்றும் கூடும் மாதங்களில் வரும்போது, உடலுக்குப் பேராபத்தான நாட்கள் மிகும். உலகம் புகையைக் குறைத்தால் அவ்விடர் குறையும். நம் பேரனுக்கு இப்போது ஒன்பது வயது. தாயை அழைத்துக்கொண்டு அவன் ஹஜ்ஜுக்குப் புறப்படும் காலம் அதுவாகத்தான் இருக்கும்.