உள்ளத்தின் வாயில் திறந்திருக்கட்டும்!



நிர்வாகி என்ற சொல்லைக் கேட்டதும், பெரிய மேசையின் பின்னால் அமர்ந்து ஆணையிடும் அதிகாரி ஒருவரே நம் கண்முன் தோன்றுகிறார். ஆனால் நான்கு பேரை வைத்து மளிகைக் கடை நடத்துபவரும் நிர்வாகிதான். ஜமாஅத்தின் வரவு செலவைக் காக்கும் முத்தவல்லியும் நிர்வாகிதான். கடல் கடந்து உழைக்கும் கணவர் அனுப்பும் பணத்தைக் கொண்டு, பிள்ளைகளின் கல்விக் கட்டணம் முதல் மாமியாரின் மருந்து வரை குறைவின்றி நடத்திச் செல்லும் இல்லத்தரசியோ, இவர்கள் எல்லோரினும் தேர்ந்த நிர்வாகி! இவர்கள் அனைவரும் போடுகின்ற முதல் ஒன்று உண்டு. அது பணமன்று, எண்ணும் முறை.

ஒருவர் எவ்வாறு எண்ணுகிறாரோ, அவ்வாறே அவருடைய நிர்வாகம் அமைகிறது. அவருடைய உறக்கமும் உடல்நலமும் கூட அவ்வாறே அமைகின்றன. இதை நான் நூல்களில் மட்டும் கற்கவில்லை. செஞ்சியில் முப்பதாண்டுகள் அரிசி ஆலைகளில் கணக்கு எழுதியவன் நான். கண்ணால் கண்டதையும் சேர்த்தே உங்கள்முன் வைக்கிறேன்.

கோட்டை கற்பிக்கும் பாடம்

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்வோர், ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும், அவற்றை வளைத்து நிற்கும் மதிலையும் காணாமல் போக முடியாது. 2025ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற பன்னிரண்டு மராட்டியக் கோட்டைகளுள், தமிழ்நாட்டிலுள்ளது இது ஒன்றே.

இதன் வலிமைக்கு வரலாறே சான்று. சிவாஜியின் மகன் ராஜாராம் இங்கே அடைக்கலம் புகுந்தபோது, ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகார்கான் 1690இல் முற்றுகையிட்டார். கோட்டை அவர் கைக்கு வந்தது 1698இல்தான்! அதே கோட்டை 1750இல் பிரெஞ்சுக்காரர்களிடம் ஒரே இரவில் வீழ்ந்தது. கல்லும் மதிலும் மாறவில்லை. உள்ளே இருந்தவர்களே மாறியிருந்தனர்.

இவ்விரண்டுக்கும் இடையில் நிகழ்ந்தது தேசிங்கின் கதை. தந்தை சொரூபசிங் மறைந்ததும் செஞ்சி அந்த இளைஞனின் பொறுப்பில் வந்தது. நிலுவையிலிருந்த கப்பம் குறித்து ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லாகானுடன் பூசல் மூண்டது. எட்டாண்டு முற்றுகையைத் தாங்கிய கோட்டை கையில் இருந்தது. எனினும் தேசிங்கு சில நூறு வீரர்களுடன் வெளியே சென்று, ஆயிரக்கணக்கானோர் கொண்ட படையைத் தேவனூர்ப் பக்கத்து வெளியில் எதிர்த்தார். 1714 அக்டோபரில் அங்கேயே வீழ்ந்தார். வயது இருபத்திரண்டு என்பர். அவருடைய உயிர்த்தோழர் மகபத்கானும் அப்போரிலேயே மாண்டார். மணக்கோலத்தில் இருந்தவர் நண்பனின் அழைப்பைக் கேட்டு எழுந்து வந்தார் என்று நாட்டுப்புறக் கதைப்பாடல் உருகுகிறது. அரசியோ கணவரின் சிதையில் உயிர் துறந்தார்.

தேசிங்கின் வீரத்தை இகழ எவருக்கும் உரிமையில்லை. சமயம் கடந்த அந்த நட்பை மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின்னும் இவ்வூர் போற்றுகிறது. ஆயினும் நிர்வாகப் பொறுப்பில் உள்ளோர் ஒன்றை எண்ண வேண்டும். ‘இப்போது செய்யத் தக்கது எது?’ என்ற கேள்வியை, ‘நான் பணிந்தேன் என்று உலகம் சொல்லுமோ?’ என்ற கேள்வி விழுங்கிவிட்டால், எத்தகைய கோட்டையும் பயன்படாது. அதன் விலையைத் தலைவர் மட்டும் கொடுப்பதில்லை. தோழரும் மனைவியும் சேர்ந்தே கொடுக்கின்றனர்.

எண்ணங்களில் மூன்று வகை

அமெரிக்க உளவியலாளர் கிளேட்டன் லாஃபர்டி 1970களில் மனிதரின் எண்ணப் பாங்குகளை அளந்தறியும் முறையொன்றை வகுத்தார். அதில் கூறப்படும் பன்னிரண்டு பாங்குகளும் மூன்று தொகுதிகளில் அடங்கும்.

முதலாவது, ஆக்க எண்ணம். பணியைச் செம்மையாக முடிப்பதும், உடனிருப்போரை வளர்ப்பதும் இதன் நோக்கம். இரண்டாவது, ஒதுங்கித் தன்னைக் காத்துக்கொள்ளும் எண்ணம். ‘யார் என்ன சொல்வார்களோ’ என அஞ்சி, முடிவெடுக்காமலே நாளைக் கடத்துவது இது. மூன்றாவது, பாய்ந்து தன்னைக் காத்துக்கொள்ளும் எண்ணம். எல்லாவற்றிலும் குறை காண்பது, அதிகாரத்தால் அடக்குவது, தோற்றுவிடக் கூடாது என்றே துடிப்பது இதன் இயல்பு. பின்னிரண்டும் வெளிப்பார்வைக்கு எதிரெதிரானவை; ஆனால் இரண்டுக்கும் வேர் ஒன்றே. அதுதான் அச்சம்!

இரண்டு ஆலைகள்

நான் முதலில் பணியாற்றிய ஆலையின் முதலாளி கடும் உழைப்பாளி, நேர்மையாளர். ஆனால் பிறர் சொல்லைக் கேட்பது தமக்கு இழுக்கு என்று கருதியவர். ஓர் ஐப்பசி நாளில், அவித்த நெல் களம் முழுவதும் பரப்பியிருந்தது. களத்தில் வேலை செய்த மூதாட்டி ஒருவர், “முதலாளி, கிழக்கே கருக்குது. நெல்லைக் குவிச்சு மூடிடலாமா?” என்றார். “உனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?” என்று அவர் சீறினார். அரைமணி நேரத்தில் கொட்டிய மழையில் அவ்வளவு நெல்லும் ஊறிப்போயிற்று.

நெல் போனது ஒருநாள் இழப்பு. அதன்பின் எவரும் அவரிடம் எதுவும் சொல்லாமற்போனதே உண்மையான இழப்பு. எடை குறைந்தாலும் சொல்லவில்லை. வார் அறுந்துகொண்டிருந்தாலும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் தாமே பார்க்க வேண்டியவரானார். நள்ளிரவில் எழுந்து கிடங்கின் பூட்டை இழுத்துப் பார்ப்பார். அவருடைய காலடி ஓசை கேட்டதும் வீட்டில் பிள்ளைகளின் சிரிப்பு அடங்கிவிடும். ஐம்பது வயதுக்குள் இரத்தக் கொதிப்பு, அடுத்து மாரடைப்பு. உயிர் பிழைத்தார்; ஆலை கைமாறிற்று.

இரண்டாவது ஆலையின் உரிமையாளர் காலையில் தேநீர்க் குவளையுடன் களத்துக்கே வருவார். “இன்றைக்கு எதிலே தடங்கல்?” என்று சுமை தூக்குபவர் முதல் கொதிகலன் பார்ப்பவர் வரை கேட்பார். கேட்டதையெல்லாம் செய்துவிட மாட்டார், முடிவு அவருடையதே. ஆனால் கொதிகலனில் ஒரு சிறு கசிவு தோன்றினால், அது அன்றே அவர் காதுக்கு எட்டும். சிறு செலவிலேயே சரியாகிவிடும். அவருக்கும் கடனும் கவலையும் இருந்தன. எனினும் இரவில் உறங்கினார்.

உடல் எழுதும் கணக்கு

இதில் வியப்பில்லை. ஓயாத சினமும் அச்சமும் உடலைப் போர்க்களத்தில் நிற்பதாக நம்பவைக்கின்றன. நாடி விரைகிறது, குருதி அழுத்தம் ஏறுகிறது. 1950களில் அமெரிக்க இதய மருத்துவர்கள் ஃப்ரீட்மனும் ரோசன்மனும், எந்நேரமும் பரபரப்பும் போட்டியும் கொண்டவர்களுக்கு மாரடைப்பு மிகுதி எனக் கருதினர். பின்வந்த ஆய்வுகளோ, பரபரப்பைவிடப் பிறர்மீது கொள்ளும் பகைமையுணர்வே கூடுதல் கேடு எனச் சுட்டின.

தலைவரின் எண்ணம் தொழிலாளியின் உடலையும் தொடுகிறது. இலண்டன் அரசு ஊழியர்களிடையே 1985இல் தொடங்கிய இரண்டாம் ‘ஒயிட்ஹால்’ ஆய்வில், தம் வேலையில் தமக்கென எந்த முடிவுரிமையும் இல்லாதவர்களுக்கு இதய நோய் மிகுந்திருப்பது தெரியவந்தது. வாய் திறக்க விடாத முதலாளி, பணியாளரின் நெஞ்சையும் நோகச் செய்கிறார்!

மஷூரா என்னும் மருந்து

நமக்கு இது புதிய பாடமா? கலந்தாலோசனையின் பெயரையே ஓர் அத்தியாயம் தாங்கி நிற்கும் திருமறை நம் கைகளில் உள்ளது. ஹிஜ்ரி 5இல் பெரும்படை மதீனாவை நோக்கி வந்தபோது, அகழி தோண்டலாம் என்று கூறியவர் யார்? பாரசீகத்திலிருந்து வந்து, அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட ஸல்மான் (ரலி) அவர்கள். அரபு மண் அறியாத அந்த யோசனையைப் பெருமானார் (ஸல்) அவர்கள் ஏற்றார்கள். தாமே மண்ணும் சுமந்தார்கள். அதனால் அவர்களின் மதிப்பு குறைந்ததா? மதீனா அன்றோ காக்கப்பட்டது!

எனவே அன்பர்களே, கடையிலோ அலுவலகத்திலோ வீட்டிலோ முடிவெடுக்கும் முன், உங்களையே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள். நான் காப்பது பணியையா, என் பெருமையையா? என்னிடம் தீய செய்தியைக் கொண்டுவர யாருக்கேனும் துணிவு இருக்கிறதா? கடைசியாக என் கருத்தை நான் மாற்றிக்கொண்டது எப்போது?

மூன்றாவது கேள்விக்கு விடை கிடைக்கவில்லையென்றால், இன்றிரவு உணவு வேளையில் மனைவியிடமும் பிள்ளைகளிடமும் ஒரு சிறு காரியத்தில் கருத்துக் கேளுங்கள். இடையில் குறுக்கிடாமல் கடைசிவரை கேளுங்கள். நல்ல நிர்வாகம் அங்கிருந்தே தொடங்குகிறது; நல்ல உறக்கமும்தான்.