சாரதி மாறிய இரவு

கல்லூரி ஆய்வுகூடத்திலே பௌதிக மாணவர்க்கு நாம் இருபது ஆண்டுகளாகச் சொல்லிவரும் விதி ஒன்றுண்டு. மின்சுற்று ஒன்று வேலை செய்யவில்லையாயின், ஒரு வேளையில் ஒன்றையே மாற்றிப் பார்த்தல் வேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றினால், பிழை நீங்கினாலும் எதனால் நீங்கிற்று என்பது தெரியாது போம். இதனை எம் வாயாற் கேட்டு மனனஞ் செய்த பிள்ளைகள் பலர் இன்று பொறியியலாளராய் இருக்கின்றனர். ஆனால், சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையிலே, எம் வீட்டு முன்கூடத்தில் வைத்து, அவ்விதியை நாமே காற்றிற் பறக்கவிட்டோம். விட்டதோடு நில்லாமல் நிரபராதி ஒருவனைக் குற்றவாளிக் கூண்டிலும் ஏற்றினோம்.

எம் வீட்டிலே கணினி ஒன்று உண்டு. தடித்த பழைய சுவர்கள் இரண்டைக் கடந்து கம்பியில்லா அலை அவ்வறைக்குச் செவ்வையாய் வந்து சேராமையால், முன்கூடத்து றவுட்டர்ப் பெட்டியிலிருந்து சுவரோரமாக வயர் இழுத்துக் கொடுத்திருக்கிறோம். அன்று தவணைப் பரீட்சைப் புள்ளிகளை அனுப்பும்பொருட்டு ஏழு மணிக்கே கணினியின் முன் அமர்ந்தோம். திரையின் மூலையில் இணைப்பு இல்லை என்ற குறி நின்றது. உடனே எமக்கு நினைவில் வந்தது முதல் நாளிரவு. உயர்தர வகுப்பிற் படிக்கும் எம் மகன் பத்தரை மணிவரை அதன்முன் இருந்தான். விளக்கை அணைத்து அவனைப் படுக்கைக்கு அனுப்பியதும் நாமே.

"இரவு என்னடா செய்தனி?" என்றோம்.

"ஒண்டும் செய்யேல்லை, அப்பா. பாஸ்ற் பேப்பர்தான் பாத்தனான்."

ஒன்றும் செய்யாமல், ஓடிய யந்திரம் எப்படி நிற்கும்? விளைவு உண்டெனிற் காரணம் உண்டு. கடைசியாய்த் தொட்டவன் அவன். ஆகவே காரணம் அவன். தருக்கம் கற்றவர் இதிலுள்ள ஓட்டையை உடனே காண்பர். எமக்கு அன்று தென்படவில்லை. அவன் கையிலிருந்த தொலைபேசியை வாங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பிற் செருகிக்கொண்டோம்.

பின்பு எமது வைத்தியம் தொடங்கிற்று. வயரைப் பிடுங்கி ஊதிச் செருகினோம். றவுட்டரில் அதனை வேறு துளைக்கு மாற்றினோம். அதே மூச்சில் றவுட்டரின் மின்னையும் நிறுத்திப் போட்டோம்; கணினியையும் நிறுத்திப் போட்டோம். இடையிலே எமது சட்டைப்பையிலிருந்த தொலைபேசி மணியடித்து, நண்பர் ஒருவர் அனுப்பிய காலை வணக்கப் படத்தைக் கொண்டுவந்து தந்தது. அப்படம் வந்த வழி அதே றவுட்டர்தான். றவுட்டரும் வெளியிணைப்பும் நலம் என்பதற்கு அதனிற் பெரிய சான்று வேண்டுமா? ஆயினும், சினங்கொண்டவன் கண்ணுக்கு அது வெறும் தாமரைப்பூப் படமாகவே தெரிந்தது.

றவுட்டரின் பின்புறத்தில் ஊசி நுழையும் அளவில் துளை ஒன்று இருப்பதை வாசகர்கள் கண்டிருப்பர். குண்டூசியொன்றை எடுத்துக்கொண்டு அதனை நெருங்கினோம்.

"அப்பா, அதை அமத்தாதேங்கோ! எல்லாம் அழிஞ்சு போகும்!" என்று மகன் ஓடிவந்து எம் கையைப் பிடித்தான்.

உண்மை. அத்துளையினுள் சில நொடி அழுத்திப் பிடித்தால், பெட்டி தொழிற்சாலையை விட்டு வந்த நாளின் நிலைக்குத் திரும்பிவிடும். இணைப்புக் கணக்கின் பெயர், கடவுச்சொல் முதலிய யாவும் மறந்துபோம். ஒரு கணினிக்கு மட்டும் இருந்த குறை வீடு முழுவதற்கும் வந்திருக்கும். கையைப் பிடித்தவனை அவ்வேளை நாம் பார்த்த பார்வையை இப்போது நினைக்க நாணமாயிருக்கிறது.

"என்ர போனை ஒருக்காத் தாங்கோ. சரியாக்கித் தாறன்," என்றான் அவன்.

போனை மீட்பதற்கான சூழ்ச்சியே இது என்று முடிவு கட்டினோம். அப்போதுதான் சாய்மனைக் கதிரையிலிருந்த எம் அன்னையார் வாய் திறந்தார்.

"நீ ரேடியோவைக் கழட்டிப் போட்ட அண்டைக்குக் கொப்பர் உனக்கு அடிக்கேல்லை. என்ன செய்தனி எண்டு கேட்டவர். நீ சொன்னதை நம்பினவர்."

நாம் குண்டூசியை மேசைமேல் வைத்துவிட்டு அமர்ந்தோம்.

மகன் வந்து அருகிருந்தான். "முதல்ல என்ன மாறினது எண்டு பாப்பம்," என்றான். எமது விதி எம் மகன் வாயிலிருந்து வந்தது! 'அப்டேற்' என்று இளைஞர் வழங்கும் புதுப்பித்தல்களின் பட்டியலைத் திறந்து காட்டினான். கடைசி வரியிலிருந்த திகதி ஞாயிற்றுக்கிழமைத் திகதி. அவன் படுக்கைக்குச் சென்றதோ சனி இரவு பத்தரை மணிக்கு. உறக்க நிலையில் விடப்பட்ட கணினி, நள்ளிரவு கடந்தபின் தானே விழித்துத் தன்னைப் புதுப்பித்துக்கொண்டு மீண்டும் உறங்கியிருக்கின்றது. நீதிமன்றமாயின் வழக்கு அவ்விடத்திலேயே தள்ளுபடியாகியிருக்கும்.

அடுத்து, வயர் செருகும் வாயிலுள்ள சிறு விளக்குகளைக் காட்டினான். பச்சை எரிந்தது, மஞ்சள் மினுங்கிற்று. வயரினுள்ளே எட்டுச் செப்பு இழைகள் நான்கு சோடிகளாய் முறுக்கப்பட்டுள்ளன. விளக்கு எரிவதனால் அவற்றின் வழியே இரு முனைகளும் ஒன்றையொன்று உணர்ந்துள்ளன என்பது தெளிவு. நாம் பிடுங்கியதும் ஊதியதும் வீண். இவ்வயர் முறைக்கு ஈதர்நெற் என்று பெயர். 1973இல் அமெரிக்காவிலே றொபேட் மெற்காஃப் என்பவர் இட்ட பெயர் அது. ஒளி செல்வதற்கென்று முன்னோர் கற்பித்த ஈதர் என்னும் ஊடகத்தை நினைத்தே இட்டார். அந்த ஈதரின் சுவடு எதனையும் 1887இல் மைக்கல்சனும் மோர்லியும் செய்த பரிசோதனை காணவில்லை. இல்லாத பொருளின் பெயர் எம் சுவரோரமாய் ஓடுகின்றது என்பது அன்று எமக்குச் சிறிது ஆறுதலாகவும் இருந்தது.

பின்பு கறுப்புத் திரையொன்றைத் திறந்து 'ஐபிகொன்பிக்' என்று மகன் தட்டெழுத, எண்கள் வந்தன. கணினியின் முகவரி 169.254 என்று தொடங்கிற்று. அதைக் கண்டதும், "பாத்தீங்களே?" என்றான்.

இதன் பொருளைச் சிறிது விரித்துரைத்தல் தகும். விடுதிக்குப் புதிதாய் வந்த மாணவன் வாயிலில் நின்று, "எனக்கு எந்த அறை?" என்று கூவுகின்றான் என்று கொள்வோம். மேற்பார்வையாளர் ஓர் எண்ணைச் சொல்லி, இன்ன நாள்வரை அது உனது என்கிறார். கணினியும் அவ்வாறே வலையிற் சேரும்போது கூவுகின்றது. றவுட்டர் குறித்த காலத்துக்கு ஒரு முகவரியை இரவல் கொடுக்கின்றது. மறுமொழி வராவிடின் கணினி தானே ஓர் எண்ணைச் சூட்டிக்கொள்ளும். அப்படிச் சூட்டிக்கொள்வதற்கென்று 2005இல் வெளியான நியமம் ஒதுக்கிய வரிசையே 169.254. ஆகவே, அவ்வெண்ணைக் கண்டால், கூவியும் விடை வந்து சேரவில்லை என்று அறியலாம். விடை கொடுக்கும் றவுட்டர் நலம், வயர் நலம். எனில், கூவும் குரலிலோ கேட்கும் செவியிலோ பழுது.

கணினிக்குள் வயர்ப் பகுதியை இயக்கும் மென்பொருளை 'ட்ரைவர்' என்பர். சாரதி என்றே சொல்லிவிடுவோமே! இரவு நடந்த புதுப்பித்தல், பழைய சாரதியை இறக்கிவிட்டுப் புதியவர் ஒருவரை ஆசனத்தில் இருத்திவிட்டது. அவருக்கோ இந்த வண்டி ஓட்டத் தெரியவில்லை. பழையவரைத் திரும்ப அழைக்கப் பொத்தான் ஒன்று உண்டு. அதனைத் தேடிச் சென்றால், அது சாம்பல் நிறத்தில் அழுத்தவியலாது கிடந்தது. பழைய சாரதியைக் கணினி சேமித்து வைக்கவில்லை. இனி, கணினியின் தாய்ப்பலகையைச் செய்தவர்களது இணையத்தளத்திலிருந்துதான் அவரைக் கொணர்தல் வேண்டும். இணையமோ இல்லை. வாளியை எடுக்க இறக்கிய பாதாளக்கரண்டியும் கிணற்றில் விழுந்த கதை!

"அதுக்குத்தான் போனைக் கேட்டனான்," என்றான் மகன், திரையைப் பார்த்தபடியே.

இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அலுமாரியைத் திறந்தோம். சார்ஜ் ஏற்றும் வயராலேயே தொலைபேசியைக் கணினியோடு பிணைத்து, அதன் அமைப்புகளில் ஒன்றை மாற்றினான். கணினி இணையத்திற் சேர்ந்தது. இதற்கு எமது தொலைபேசியே போதுமாம். அதைக் கேட்க அவனுக்கு அன்று துணிவு வரவில்லை என்பதைப் பின்னரே அறிந்தோம்.

சாரதி வந்து சேர ஐந்து நிமிடமும் ஆகவில்லை. கணினியை நிறுத்திப் போட நாம் கை நீட்ட, மகன் தடுத்து, 'மீளத் தொடங்கு' என்பதைத் தெரிந்தான். இக்காலக் கணினிகள் பலவற்றில் 'நிறுத்து' என்றால் முழுதும் நிற்பதில்லை. விரைந்து எழும்பொருட்டு உள்நிலையின் ஒரு பகுதியை வட்டில் எழுதிவைத்து, மறுமுறை அதையே எடுத்துக்கொள்ளும். 'மீளத் தொடங்கு' என்றாற்றான் யாவும் முதலிலிருந்து தொடங்கும். காலையில் நாம் நிறுத்திப் போட்டதும் இவ்வகையிற் பயனற்ற செயலே.

இம்முறை முகவரி 192.168 என்று தொடங்கிற்று. புள்ளிகளை ஒன்பது மணிக்குள் அனுப்பிவிட்டோம்.

மகனோ அன்று பகல் முழுவதும் எம்மோடு அதிகம் பேசவில்லை. மாலையில் நாமே தேநீர் கொண்டுபோய் அவன் மேசையில் வைத்து, "காலமை நான் பிழையாய் நினைச்சிட்டன்," என்றோம். "பரவாயில்லை அப்பா," என்று கூறி அவன் கணக்கைத் தொடர்ந்தான். சிறிது நேரஞ் சென்று எழுந்து வந்து, பென்ட்ரைவ் ஒன்றை எம் கையிற் கொடுத்தான். பழைய சாரதியை அதிற் பதிந்து, மேலே கடதாசித் துண்டில் அன்றைய திகதியையும் எழுதி ஒட்டியிருந்தான். அதனை அலுமாரியில், காலையில் அவன் தொலைபேசி கிடந்த தட்டிலேயே வைத்தோம். பூட்டவில்லை.