பனியனில் ஒரு குறி

மார்பில் எழுத்தைப் போட்டுக்கொண்டு நடமாடுகிறவன் அதை யாருக்காகச் சுமக்கிறான் என்பது சாதாரணக் கேள்விதான். அவனுக்கு அது தலைகீழாகத் தெரியும். எதிரே வருகிறவனுக்காகத்தான் அது இருக்கிறது. ஆனால் வளவனூர் கடைத்தெருவில் ஒரு சாயங்காலம் நின்று பார்த்தால் அந்தப் பதிலும் நிற்காது. அமெரிக்கச் சர்வகலாசாலைகளின் பெயர்கள், அர்த்தம் பாதியில் அறுந்த இங்கிலீஷ் வாக்கியங்கள், எண்கள் எல்லாம் மார்பு மார்பாகக் கடந்து போகின்றன. போட்டிருப்பவரும் படிப்பதில்லை, எதிரே வருகிறவரும் படிப்பதில்லை. எழுத்து தன் வேலையை விட்டுவிட்டு வெறும் உருவமாகி நிற்கிறது. கே.ஸி.எஸ். பணிக்கர் 1963லிருந்து ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற வரிசையில் பிரக்ஞையோடு செய்த காரியம் இது. எழுத்துப் போலவும் ஜாதகக் கட்டம் போலவும் கணக்குச் சூத்திரம் போலவும் தோன்றி, படிக்கப் போனால் கைவிட்டுவிடும் குறிகள் அவை. அவர் யோசித்து அடைந்த இடத்துக்குத் திருப்பூர்க்காரர்கள் யோசிக்காமலே நம்மைக் கொண்டு வந்து சேர்த்திருக்கிறார்கள்.

பனியன் என்ற சொல்லே ஒரு வியாபாரியின் பெயர். குஜராத்தி வணிகர்களைக் குறித்த சொல் ஐரோப்பியர் வாயில் புகுந்து, 18ம் நூற்றாண்டில் அங்கே கனவான்கள் வீட்டில் போட்டுக்கொள்ளும் தளர்ந்த அங்கிக்குப் பெயராயிற்று. பிறகு உள்ளாடையாகச் சுருங்கி நம்மிடம் திரும்பி வந்தது. ‘டீ ஷர்ட்’ என்ற சொல் முதலில் அச்சேறிய இடம் என்று அகராதிக்காரர்கள் காட்டுவது ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டின் 1920ம் வருஷத்து முதல் நாவலை. 1951ல் மார்லன் பிராண்டோ ஒரு படத்தில் அதை மேலாடையாகவே போட்டுக்கொண்டு வந்தார். உள்ளே இருந்தது வெளியே வந்தபின் அதில் எழுதத் தோன்றாமல் இருக்குமா? 1984ல் காதரின் ஹாம்நெட் என்ற ஆடை வடிவமைப்பாளர், ஏவுகணை எதிர்ப்பு வாசகத்தைப் பெரிய எழுத்தில் மார்பில் தாங்கியபடி பிரதமர் தாட்சரோடு கைகுலுக்கினார். நம் பக்கத்தில் 2020 செப்டம்பரில் ‘ஹிந்தி தெரியாது போடா’ பனியன்கள் கிளம்பின. திருப்பூரில் ஆர்டர்கள் குவிந்தன. அந்த ஒரு சமயம் எழுத்தைப் போட்டவர், எதிரே வந்தவர் இருவருமே படித்தார்கள். எழுத்து மறுபடி எழுத்தாயிற்று.

இவ்வளவையும் நான் யோசிக்க நேர்ந்தது ஒரு காதுகுத்தினால். தம்பி குழந்தைக்கு மேல்மலையனூரில் காது குத்துவதென்றும், எல்லோரும் ஒரே வேனில் செஞ்சி வழியாகப் போவதென்றும் முடிவாயிற்று. இப்போதெல்லாம் குடும்பமாக எங்கே போனாலும் ஒரே மாதிரிப் பனியன் என்பது வழக்கமாகியிருக்கிறது. சென்னையில் இருக்கும் அக்கா மகன் ஒரு யோசனையோடு வந்தான். அப்பா இறந்து இரண்டு வருஷம். அவர் படத்தை மார்பில் அச்சடித்து, முதுகில் அவர் பெயரைப் போட்டு 9 பனியன். கம்ப்யூட்டரில் போட்டும் காட்டினான். வங்கி அடையாள அட்டைக்காக எடுத்த படம்போல் அப்பா விறைப்பாக இருந்தார்.

அம்மா படத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். “நல்லாத்தான் இருக்குது. இத எப்பிடித் தோய்க்கிறது?” என்றாள்.

“மிஷின்ல போடலாம் ஆயா. சாயம் போகாது.”

“சாயத்த யாரு கேட்டா? அவரு மூஞ்சியக் கல்லுல அடிச்சு, முறுக்கிப் பிழிஞ்சு, கொடியில தலகீழாத் தொங்கப் போடச் சொல்றியா?”

“தலைவருங்க படமெல்லாம் போட்டுக்கிறாங்களே ஆயா?”

“அத அவங்க பொண்டாட்டியா தோய்க்கிறா?”

விமர்சனத்தில் பிரதிமை பற்றி, பிரதிநிதித்துவம் பற்றி எத்தனையோ படித்தாயிற்று. பிம்பத்துக்கும் அதைத் தாங்கும் பொருளுக்கும் உள்ள சம்பந்தத்தை இவ்வளவு குறைந்த சொற்களில் யாரும் எனக்குச் சொன்னதில்லை. சுவரில் மாட்டிய படம் சுவரின் விதியை ஏற்கிறது; நகராமல் இருக்கிறது. பனியனில் போட்ட படம் பனியனின் விதியைத்தான் ஏற்றாக வேண்டும். பனியனின் விதி என்ன? வியர்வை, சோப்பு, கல், வெயில், இரண்டு வருஷத்தில் அக்குளில் கிழிசல், கடைசியில் கரித்துணி. ஓவியன் உருவத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே அதன் அழிவையும் தேர்ந்தெடுக்கிறான். அதை அம்மா முதலில் பார்த்துவிட்டாள்.

பெயரை மட்டும் போடலாம் என்றான் பையன். அம்மாவுக்கு எழுத்து தெரியாது, கைநாட்டுதான். ஆனாலும் மறுத்தாள். 46 வருஷம் வாயால் சொல்லாத பெயரைப் பிள்ளைகள் முதுகில் எழுதி ஊர்கோலம் விடுவதா என்றாள். உருவமும் போயிற்று, எழுத்தும் போயிற்று. மிஞ்சியது எது?

புள்ளி. அதை அம்மாதான் சொன்னாள். “ஏழு புள்ளி, நாலுல நிறுத்தற கோலம். புள்ளி மட்டும் வைங்க. இழுக்க வேணாம்.” ஊடுபுள்ளியில் 4, 5, 6, 7, 6, 5, 4 என்று வரிசை, மொத்தம் 37. மார்கழி விடியலில் அம்மாவுக்குக் குனிந்து எண்ணிப் புள்ளி வைப்பது சிரமமான பிறகு, அப்பாதான் முண்டாசு கட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்து புள்ளி வைப்பார். அம்மா பின்னால் வந்து கோடு இழுப்பாள். ஆண்பிள்ளை கோலம் போடுகிறார் என்று தெருவில் கேலி உண்டு. “நான் எங்கே போடறேன், எண்ணத்தானே செய்றேன்” என்பார். அம்மா இதையெல்லாம் எடுத்துச் சொல்லவில்லை. எங்களுக்கு நினைவிருக்கும் என்று விட்டுவிட்டாள்.

எப்படிச் செய்வதென்பதில் என் யோசனை கொஞ்சம் உண்டு. திண்டிவனத்தைச் சுற்றி இன்றும் அவுரி பயிராகிறது. இலையை ஊறப்போட்டு, நொதித்த தண்ணீரை அடித்துக் கலக்கி, அடியில் தங்கும் வண்டலைக் காய்ச்சி உலர்த்திக் கட்டியாக்கும் தொழில் இருக்கிறது. பழைய தென் ஆற்காடு ஜில்லா 19ம் நூற்றாண்டில் நீலத்துக்குப் பெயர்போனது. புதுச்சேரியில் நீலம் தோய்த்த ‘கினே’ துணி கப்பலேறி செனெகல் வரை போய் அங்கே பிசினுக்குப் பண்டமாற்றாயிற்று. 1897ல் ஜெர்மனியின் பாஸ்ஃப் கம்பெனி ரசாயன நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்ததும் இதெல்லாம் சரிந்தது. நம் வாசலுக்குப் பக்கத்திலேயே இருக்கும் நிறத்தை விட்டுவிட்டு வேறெங்கோ போவானேன்?

நீலத்தின் விசேஷம், அது தண்ணீரில் கரையாது. சுண்ணாம்பும் சர்க்கரையும் சேர்த்து அதிலுள்ள பிராணவாயுவின் பிடியைத் தளர்த்தினால்தான் கரையும்; அப்போது நீலமாகவும் இருக்காது. நீலம் 1 பங்கு, சுண்ணாம்பு 2, பழச்சர்க்கரை 3 என்பது வீட்டுச் சாயக்காரர்கள் கையாளும் கணக்கு. பழச்சர்க்கரைக்குப் பதில் வெல்லம் போட்டோம்: 200 கிராம் நீலம், 400 கிராம் சுண்ணாம்பு, 600 கிராம் வெல்லம். மறுநாள் காலை தொட்டியின் மேல் செம்புநிற ஆடை படர்ந்திருந்தது. விலக்கினால் கீழே மஞ்சள்பச்சை. துணியை முக்கி எடுக்கும்போது பச்சையாக வரும். காற்றுப் பட்டதும் கண்ணெதிரில் நீலமாகும். குழந்தைகள் இந்த ஒன்றுக்காகவே நாள் முழுதும் நின்றார்கள்.

புள்ளிக்கு மதுரைச் சுங்குடியின் வழி. துணியைக் கிள்ளி நூலால் இறுக்கிக் கட்டினால் கட்டின இடத்தில் சாயம் ஏறாது. பனியன் துணி இழுபடும் பின்னலானதால் முடிச்சு நிற்காது என்று உள்ளே ஒரு கொண்டைக்கடலை வைத்துக் கட்டினோம். 9 பனியனுக்கு 333 கடலை, 333 முடிச்சு. தினமும் பூக்கட்டுகிற கை ஆனதால் பாதிக்கு மேல் அம்மாவே கட்டினாள். சாயத்தில் கடலை ஊறிப் பருத்ததும் முடிச்சு இன்னும் இறுகியது. பிளேடால்தான் அறுக்க முடிந்தது. கடலை பாழாயிற்றே என்பது அன்று முழுக்க அம்மாவின் விசாரம். அவள் கட்டைவிரல் ஒரு வாரம் நீலமாக இருந்தது. வங்கியில் நாள்தோறும் நீலம் பதிந்த கட்டைவிரல்களைப் பார்க்கிறவன் நான். படிக்கத் தெரியாதவரின் குறி என்று அதை ஒரு படி கீழே வைத்திருக்கிறோம். ஆனால் கையெழுத்தைப்போல் போலி செய்ய முடியாத குறி அதுதான்.

காய்ந்த பிறகு எதிர்பாராத ஒன்று தெரிந்தது. துணி பருத்தி, தைத்த நூல் பாலியெஸ்டர். அந்த நூலில் அவுரி ஏறவில்லை. கழுத்து, தோள், கைமடிப்பு எங்கும் தையல் வெள்ளையாக, ஒரு கோட்டுச் சித்திரம்போல் எழுந்து நின்றது. வெள்ளைப் பனியனில் கண்ணுக்கே படாத தையல் அது. திருப்பூரில் யாரோ ஒரு பெண் நாளைக்கு எத்தனை நூறு கழுத்துப்பட்டிகளில் ஓட்டுகிறாளோ, அதில் 9 எங்கள் கைக்கு வந்திருந்தன. நாங்கள் வைத்த குறிக்கு முன்னமேயே அதில் ஒரு கை இருந்திருக்கிறது.

இதைக் கலை என்று நான் சொல்ல வரவில்லை. கைவினை என்று ஒதுக்கவும் மனம் வரவில்லை. 1966ல் சோழமண்டலம் கிராமத்தை உண்டாக்கிய ஓவியர்கள் அதற்கான பணத்தைத் திரட்டியது பாத்திக் துணிகளை விற்றுத்தான். கான்வாஸுக்கு வாழ இடம் கொடுத்தது மெழுகும் சாயமும். நம் பத்திரிகைகளின் அட்டைக்குக் கோடு வரைந்து கொடுத்த ஆதிமூலம் போன்றவர்கள் இந்தப் பிரிவினையை எவ்வளவு மதித்தார்கள் என்பது யோசிக்கத் தக்கது. எனக்குப் படுகிற வித்தியாசம் வேறு. கலைப்பொருள் தன்னை அறியாதவரிடமும் பேச முயல்கிறது. இந்த 37 புள்ளி அப்படி முயலவில்லை. மேல்மலையனூரில் எங்களைப் பார்த்தவர்களுக்கு அது புள்ளிபோட்ட நீலப் பனியன். அங்கே யாரும் கேட்கவுமில்லை. கோடு எங்கே போகும் என்று தெரிந்தவர்கள் அந்த வேனில் வந்தவர்கள் மட்டும். அவர்களிலும் சின்னவர்களுக்குத் தெரியாது. கேட்டால் சொல்ல வேண்டும். கேட்காமல் போனால் அது எங்களோடு முடிந்துவிடும். முடியட்டும் என்றும் சில சமயம் தோன்றுகிறது. 300 பிரதி அச்சடித்து அதிலும் பாதியைக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறவர்களுக்கு இந்த மனநிலை புதிதல்ல.

அன்று வியர்வையில் நீலம் இறங்கி எல்லோர் கழுத்திலும் ஒட்டியது. அதன்பின் 9 பனியனும் 9 விதமாக வெளுத்தன. சென்னையில் மிஷினில் ஓடுவது வானத்து நிறத்துக்கு வந்துவிட்டது. கிணற்றுத் தண்ணீரில் அம்மா தோய்ப்பது இன்னும் கருநீலம். புள்ளிகள் மட்டும் எல்லாவற்றிலும் அதே வெள்ளை. சாயம் ஏறாத இடத்திலிருந்து போவதற்கு ஒன்றுமில்லையே.

போன மாதம் தம்பி வண்டி துடைத்துக்கொண்டிருந்தான். கையிலிருந்தது அவனுடைய பனியன். தோள் கிழிந்து போயிருந்தது. திண்ணையில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மா பார்த்தாள். அவன் சட்டென்று கையைப் பின்னால் மறைத்தான்.

“எதுக்குடா ஒளிக்கிற? பனியன்தானே, தொட” என்றாள்.