கடைசி 52 ரன்

பெங்களூரை விட்டு வந்தவர்களிடம் எதற்கு ஏங்குகிறீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் குளிரைச் சொல்வார்கள். சேலத்தில் மே மாத இரவுகளில் ஜன்னலைத் திறந்தாலும் மூடினாலும் ஒரே புழுக்கம் என்கிறபோது எனக்கும் அது தோன்றுவதுண்டு. ஆனால் நான் உண்மையாக ஏங்குவது ஒரு நாளுக்கு. 1996 அக்டோபர் 21, திங்கட்கிழமை. அன்று காலை ஏழு மணி முதல் நள்ளிரவு வரை நானும் என் கணவரும் அந்த ஊரில் சுற்றினோம். அப்படியொரு நாள் அதற்கு முன்பும் இல்லை, பிறகும் வாய்க்கவில்லை.

தசராவை ஒட்டிய விடுமுறை. ஆயுத பூஜைக்குக் கட்டிய வாழைக்கன்றுகளை ஆட்டோக்காரர்கள் அவிழ்த்திருக்கவில்லை. அவை வாடித் தொங்க, வண்டிகள் அந்தக் கோலத்திலேயே ஓடின. தெருமுனைகளில் உடைத்த பூசணிக்காயை மிதிக்காமல் தாண்டித் தாண்டி நடந்தோம். அல்சூரில் சோமேஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்துச் சந்தில் குடியிருந்தோம் அப்போது. அவருக்கு ஃபேக்டரி வேலை. கூட வேலை பார்த்தவர் ஒருவர் புண்ணியத்தில் அன்றைய மேட்சுக்கு இரண்டு கேலரி டிக்கெட் கிடைத்திருந்தது. இந்தியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் டைட்டன் கோப்பைப் பகலிரவு ஆட்டம். மத்தியானம் வரை என்ன செய்வது என்று கேட்டேன். "ஊரையே சுத்திடுவோம், வா" என்றார்.

பி.டி.எஸ். பஸ் பிடித்து, மார்க்கெட்டில் இறங்கி மாறி, லால்பாகுக்குப் போனோம். ஹைதர் அலி 1760இல் போட்ட தோட்டம். பிள்ளைகள் இல்லாமல், உறவுக்காரர்களுக்கு ஊர் காட்டும் பொறுப்பும் இல்லாமல், இருவர் மட்டுமாக அங்கே போனது அன்றுதான். 1889இல் அடிக்கல் நாட்டிய கண்ணாடி மாளிகையில் மலர்க் கண்காட்சிக் கூட்டமும் இல்லை. நடுவில் நின்று மேலே பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு பாறை மேல் ஏறினோம். அந்தப் பாறைக்கு வயது சுமார் 300 கோடி ஆண்டு என்று பலகையில் எழுதியிருந்ததை அவர் படித்துச் சொன்னார். உச்சியில் கெம்பேகவுடா கோபுரம். அங்கிருந்து பார்த்தால் அந்த நாளில் கட்டடத்தைவிட மரந்தான் அதிகம் தெரியும்.

காந்தி பஜார் வித்யார்த்தி பவன் தோசையைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 1943இல் மாணவர்களுக்காகத் தொடங்கிய சின்ன ஹோட்டல். பரிமாறுகிறவர் ஒரு கையில் தோசைத் தட்டுகளை மணிக்கட்டிலிருந்து முழங்கை தாண்டி அடுக்கிக்கொண்டு வருவார், ஒன்றுகூடச் சாயாது. மொறுமொறுவென்று சிவந்த, தடித்த மசாலா தோசை. மேலே வெண்ணெய். தண்ணீராக ஓடும் சட்னி. ஒரு தோசையைப் பங்கு போடலாம் என்றுதான் உட்கார்ந்தோம், ஆளுக்கு இரண்டு சாப்பிட்டுவிட்டு எழுந்தோம்.

கப்பன் பார்க்குக்கு வரும்போது பதினொரு மணி. மூங்கில் புதர்களின் நிழலில் கொஞ்சம் உட்கார்ந்திருந்துவிட்டு, சிவப்பு நூலகக் கட்டடத்தின் முன்னால் இருக்கும் சேஷாத்ரி ஐயர் சிலையைப் பார்த்தோம். அந்தச் சிலையிடம் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. மைசூர் திவானாக இருந்த அந்தப் பாலக்காட்டுக்காரர் தொடங்கிவைத்த சிவசமுத்திர மின்திட்டத்திலிருந்து 1902இல் முதலில் கரண்ட் போனது கோலார் தங்கவயலுக்கு. பெங்களூர்த் தெருவில் மின்விளக்கு எரிந்தது அதற்குப் பிறகு, 1905இல்தான். என் தாத்தா தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கி வேலை செய்தவர். இந்த ஊர் வெளிச்சத்துக்கு முன்னால் எங்கள் ஆட்கள் பூமிக்கடியில் அந்த வெளிச்சத்தைப் பார்த்துவிட்டார்கள் என்று என் கணவரிடம் சொன்னேன். அன்று ராத்திரி நாங்கள் ஆட்டம் பார்க்கப் போவதும் விளக்கொளியில்தான். சின்னசாமி மைதானத்துக்கு விளக்குக் கோபுரங்கள் வந்ததே அந்த வருஷ உலகக் கோப்பைக்காகத்தான். மார்ச் மாதம் பாகிஸ்தானோடு நடந்த கால் இறுதிதான் அங்கே விளக்கொளியில் நடந்த முதல் ஆட்டம். அதை நாங்கள் பக்கத்து வீட்டு டிவியில் பார்த்தோம்.

எம்.ஜி. ரோடு காபி ஹவுஸில் தலைப்பாகை கட்டிய பணியாளர் கொண்டுவந்து வைத்த காபியைக் குடித்துவிட்டு, காகிதப்பூ படர்ந்த நடைபாதை வழியாகவே மைதானத்துக்கு நடந்தோம். பூங்கா, புத்தகக் கடை, காபி, கிரிக்கெட் எல்லாம் கூப்பிடு தூரத்தில். ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போக வண்டி வேண்டாம், பையில் பெரிதாகப் பணமும் வேண்டாம். இப்படி ஒரு வசதியை எந்தப் பெரிய ஊர் தரும்?

வாசலில் தள்ளுமுள்ளு இல்லாமல் இல்லை. ஒரு போலீஸ்காரர் லத்தியைக் குறுக்கே பிடித்து, பெண்களையும் குழந்தைகளையும் முதலில் உள்ளே விட்டார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். 1991 டிசம்பரில், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை அரசிதழில் வெளியானதும், பெங்களூரில் தமிழர்கள் மேல் வன்முறை பாய்ந்தது. வீடுகளும் கடைகளும் எரிந்தன. ஆயிரக்கணக்கானோர் ஊரைவிட்டுப் போனார்கள். நாங்கள் போகவில்லை. எங்கள் வீட்டுக்கார அம்மா கன்னடத்துக்காரர். அந்த ராத்திரிகளில் எங்களைத் தன் வீட்டுப் பூஜையறையில் படுக்க வைத்துக் காப்பாற்றினார். ஆனாலும் அதற்குப் பிறகு பஸ்ஸில், கடையில், ஆஸ்பத்திரியில் நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளும்போது குரல் தானாக இறங்கிவிடும். யாரும் அதட்டவில்லை, முறைக்கவுமில்லை, இருந்தும் இறங்கும். ஐந்து வருஷம் கழிந்தும் அது மாறவில்லை. கேலரியில் பக்கத்தில் இருந்த பெரியவர் "ஸ்வல்ப ஜருகி" என்றபோது நான் தள்ளி உட்கார்ந்து, கன்னடத்திலேயே பதில் சொன்னேன். அவருடைய மனைவி டிபன் டப்பாவைத் திறந்து சித்ரான்னம் கொடுத்தார். எங்களிடம் சுண்டல் இருந்தது.

ஆஸ்திரேலியா முதலில் ஆடி 215 ரன் எடுத்தது. மார்க் டெய்லர் 105. பிறகு விளக்குகள் எரிந்தன. புல் அந்த நிறத்தில் இருக்கும் என்று டிவியில் பார்த்து நான் நினைத்ததே இல்லை. அப்போது கேப்டன் டெண்டுல்கர். எதிர்முனையில் விக்கெட்டுகள் சரிய, அவர் ஒருவரே இழுத்துக்கொண்டு போனார். 88இல் அவரும் அவுட். 8 விக்கெட் போயாகிவிட்டது, ரன் 164. இன்னும் 52 வேண்டும். எங்களுக்கு முன்வரிசையில் பலர் எழுந்து கால்சட்டையைத் தட்டிக்கொண்டு கிளம்பினார்கள். என் கணவரும் என்னைப் பார்த்தார். "இருங்க, அல்சூர்தானே, நடந்தே போயிடலாம்" என்றேன்.

களத்தில் இருந்தவர்கள் மைசூர் ஜவகல் ஸ்ரீநாத், பெங்களூர் அனில் கும்ப்ளே. இருவரும் இன்ஜினியரிங் படித்த பிள்ளைகள், இருவரும் பந்து வீசுவதற்காக அணியில் இருந்தவர்கள். ஓவருக்கு ஓவர் நடுவில் கூடிப் பேசினார்கள். "கன்னடத்தில்தான் பேசுவார்கள், அவனுக்கு ஒன்றும் புரியாது" என்று ஆஸ்திரேலிய பௌலரைக் காட்டிப் பெரியவர் சொன்னார். முதலில் ஒன்று, இரண்டு. பிறகு ஸ்ரீநாத் அடிக்கத் தொடங்கினார். கிளம்பிப் போன சிலர் படியிலேயே நின்றுவிட்டார்கள். 30 ரன் வேண்டும், 20 வேண்டும் என்று கேலரியே வாய்விட்டு எண்ணியது. எப்போது எழுந்து நின்றேன் என்று எனக்குத் தெரியாது. "அடிறா ராசா, அடி!" என்று கத்திக்கொண்டிருந்தேன். தமிழில், தொண்டை கிழிய, சுற்றிலும் கன்னடம் பேசுகிற ஆயிரம் பேருக்கு நடுவில். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பெரியவரின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு "ஹொடி, ஹொடி" என்று குதித்தார். ஸ்ரீநாத் 30, கும்ப்ளே 16, இருவரும் ஆட்டமிழக்கவில்லை. 2 விக்கெட்டில் ஜெயித்தோம்.

அல்சூர் வரை நடந்து வந்தோம். வழி நெடுக உரக்கப் பேசிக்கொண்டே வந்தோம், தமிழில்.

2008இல் சேலத்துக்குக் குடிவந்தோம். அடுத்த வருஷம் காபி ஹவுஸ் எம்.ஜி. ரோட்டை விட்டு சர்ச் ஸ்ட்ரீட்டுக்குப் போனது. மெட்ரோவுக்காக அந்தக் காகிதப்பூ நடைபாதையும் போனது. 2011இல் ரயில் ஓடத் தொடங்கிய பிறகு ஒருமுறை போய் ஏறினோம். நல்ல ரயில், ஊருக்குத் தேவையான ரயில். அதை நான் குறை சொல்ல மாட்டேன். மைதானத்துக்குப் பக்கத்துச் சந்திப்புக்கு கும்ப்ளேயின் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயர்ப்பலகையின் கீழ் நின்று என் கணவர் படம் எடுத்துக்கொண்டார்.

ஆனால் 2025 ஜூன் 4ஆம் தேதி சாயங்காலம் டிவி முன்னால் நாங்கள் இருவரும் பேச்சற்று உட்கார்ந்திருந்தோம். ஐ.பி.எல். பதினெட்டாவது சீசனில் முதல்முறையாகக் கோப்பை வென்ற பெங்களூர் அணியைப் பார்க்க வந்த கூட்டத்தில், அதே மைதானத்தின் வாசல்களில் நெரிசலில் சிக்கி 11 பேர் செத்துப்போனார்கள். பெரும்பாலும் இளம்பிள்ளைகள். நாங்கள் டிக்கெட்டை நீட்டி உள்ளே போன வாசல்கள். தலையில் கொடி கட்டிக்கொண்டு, நண்பர்களோடு, கத்திக் கொண்டாடத்தானே போயிருப்பார்கள்? நான் கத்தியதுபோல. எனக்குக் கிடைத்த அந்த ராத்திரி அவர்களுக்கும் கிடைத்திருக்க வேண்டும். பாதுகாப்பாக உள்ளே விடவும் வெளியே அனுப்பவும் ஓர் ஊருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதன் பிறகு அங்கே நடக்கவிருந்த மகளிர் உலகக் கோப்பை ஆட்டங்களையும் நவி மும்பைக்கு மாற்றினார்கள். பெண்கள் ஆடுவதைப் பார்க்கப் பேத்தியைக் கூட்டிக்கொண்டு போவதாக இருந்தோம்.

போகத்தான் போகிறோம். லால்பாக், தோசை, கப்பன் பார்க், பிறகு மேட்ச் என்று பேத்திக்குச் சொல்லி வைத்தாயிற்று. அவள் கேட்பது ஒன்றே ஒன்றுதான். ஸ்ரீநாத் அடித்த பவுண்டரி நீங்கள் உட்கார்ந்திருந்த பக்கம் வந்ததா, எதிர்ப்பக்கம் போனதா? எங்கள் பக்கந்தான் என்கிறேன் நான். இல்லவே இல்லை, எதிர்ப்பக்கம் என்கிறார் அவர்.