அதிகாலை இரண்டரை மணிக்கு ஒரு கணக்கு

2024 ஆகஸ்ட் 28ஆம் திகதி, நியூயோர்க் நேரப்படி மாலை ஐந்து மணிக்கு சிப் கம்பனியான என்விடியா தன் காலாண்டுக் கணக்கை முதலீட்டாளருக்கு விளக்கத் தொடங்கியபோது, யாழ்ப்பாணத்தில் மறுநாள் அதிகாலை இரண்டரை மணி. அன்றைக்கு நியூயோர்க்கில் மதுச்சாலை ஒன்றில் சனம் கூடியிருந்து முடிவுக்காகக் காத்திருந்ததாகச் செய்திகள் வந்தன. குடாநாட்டில் அப்படி யாரும் கூடுவதில்லை. அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடுகளால் இங்கிருந்து அமெரிக்கப் பங்கு வாங்குவது இலேசான காரியமும் அல்ல. ஆனாலும் ரொறன்ரோவிலோ இலண்டனிலோ பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் என்விடியா, ஏஎம்டி என்ற பெயர்கள் தொலைபேசிக் கதைகளில் அடிபடத்தான் செய்கின்றன. பிள்ளைகளின் சேமிப்பு அங்கே கிடக்கிறதே.

அன்று என்விடியா சொன்ன வருமானம் 30 பில்லியன் டொலர். முந்திய ஆண்டின் அதே காலாண்டைவிட 122 வீதம் அதிகம். மறுநாள் பங்கு 6 வீதத்துக்கு மேல் விழுந்தது! இரண்டு மாதம் கழித்துப் போட்டியாளரான ஏஎம்டியின் முறை. அந்த ஆண்டில் செயற்கை நுண்ணறிவு சிப்களால் மட்டும் 5 பில்லியன் டொலருக்கு மேல் வருமானம் வரும் என்று தலைவர் லிசா சூ அறிவித்தார். அடுத்த நாள் ஏஎம்டி பங்கு ஏறத்தாழ 10 வீதம் இறங்கியது.

எதிர்பார்ப்பு முன்கூட்டியே விலைக்குள் புகுந்துவிடும் என்பதை வலிகாமத்தில் வெங்காயம் செய்பவருக்கு விளக்கத் தேவையில்லை. இந்திய வெங்காயம் வரப்போகிறது என்ற கதை சுன்னாகம் சந்தைக்கு எட்டினாலே போதும், கப்பல் கொழும்புக்கு வருமுன் விலை இறங்கிவிடும். கப்பல் வந்து சேரும் நாளில் விலை அசையாமலும் இருக்கலாம். இறங்கவேண்டியது முன்பே இறங்கியாயிற்று. அப்படியிருக்க, கப்பல் செய்தி ஒரேயொரு வியாபாரிக்கு மட்டும் இரண்டு நாள் முந்திக் கிடைத்தால் அவர் என்ன செய்வார் என்பதையும் தோட்டக்காரர் அறிவார்.

அதைத் தடுக்கத்தான் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணைக்குழு 2000ஆம் ஆண்டில் ஒரு விதி கொண்டுவந்தது. அதற்குமுன், கணக்கு எப்படி வரும் என்பதைக் கம்பனிகள் தமக்கு வேண்டிய பெரிய ஆய்வாளர்களின் காதில் போட்டு வைப்பது வழக்கமாயிருந்தது. விதி வந்தபிறகு, முக்கியமான தகவல் எதையும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சொல்லவேண்டும். இன்று யாழ்ப்பாணத்தில் விழித்திருப்பவரும் நியூயோர்க் நிதி நிறுவனத்தாரும் என்விடியாவின் விளக்கத்தை ஒரே நொடியில் இணையத்தில் கேட்கலாம்.

அந்த நொடிவரை காத்திருக்க மனமில்லாதவர்களில் மிகப் பெயர்போனவர் ஓர் இலங்கைத் தமிழர். 1957இல் கொழும்பில் பிறந்த ராஜ் ராஜரத்தினம் இங்கிலாந்தில் பொறியியலும் அமெரிக்காவின் வார்ட்டன் பள்ளியில் வணிக நிர்வாகமும் படித்தவர். நீடம் நிறுவனத்தில் சிப் கம்பனிகளை அலசும் ஆய்வாளராக வளர்ந்தார். 1997இல் கலியன் என்ற முதலீட்டு நிதியத்தைத் தொடங்கினார். உச்சக்கட்டத்தில் அதன் கையில் 7 பில்லியன் டொலர் இருந்தது. கொழும்பில் ஜோன் கீல்ஸ் கம்பனியின் பெரும் பங்குதாரர்களில் அவரும் ஒருவராயிருந்தார்.

அப்போது மல்லுக்கட்டியவை இன்டெலும் ஏஎம்டியும். இரண்டு வீட்டுக்குள்ளும் ராஜரத்தினத்துக்கு ஆள் இருந்தது. வார்ட்டனில் கூடப் படித்த ராஜீவ் கோயல் இன்டெலில் வேலை. 2007இல் காலாண்டுக் கணக்கு வெளிவருமுன்பே அதன் போக்கை அவர் சொல்லிவிட்டார். இன்னொரு வகுப்புத் தோழர் அனில் குமார், ஏஎம்டிக்கு ஆலோசனை சொன்ன மெக்கின்சி நிறுவனத்தவர். அவருக்கு ராஜரத்தினம் கொடுத்தது ஆண்டுக்கு 5 இலட்சம் டொலர். ஏஎம்டி ஏரிஐ நிறுவனத்தை வாங்கப்போகும் செய்திக்குத் தனியாக ஒரு மில்லியன். 2006 ஜூலையில் 5.4 பில்லியன் டொலருக்கு அந்த விற்பனை அறிவிக்கப்பட்டபோது கலியனுக்கு 20 மில்லியன் டொலருக்கு மேல் இலாபம்.

ஏரிஐ இருந்தது கனடாவின் மார்க்கத்தில். ஸ்காபரோவை ஒட்டிய அந்நகரில் யாழ்ப்பாணத்தார் எத்தனையோ பேர் வீடு வாங்கிக் குடியேறியிருக்கிறார்கள். கணினித் திரைக்குப் படம் வரையும் சிப்களைச் செய்த ஏரிஐக்கு ஏஎம்டி அளவுக்கு மீறி விலை கொடுத்துவிட்டது என்று அன்று பலர் ஏளனம் செய்தனர். இன்று என்விடியாவோடு ஏஎம்டி மோதுவது அந்த வழிவந்த சிப்களை வைத்துத்தான். மார்க்கத்து அலுவலகமும் இன்னும் இயங்குகிறது. 2008இல் தன் தொழிற்சாலைகளை அபுதாபிப் பணத்தோடு தனிக் கம்பனியாகப் பிரித்துவிட ஏஎம்டி எடுத்த முடிவும் குமார் வழியாகக் கசிந்தது. ஏஎம்டிக்கு இன்றைய உருவத்தைக் கொடுத்த இரண்டு முடிவுகளும் உலகத்துக்கு முன்னால் ராஜரத்தினத்துக்குத் தெரிந்திருந்தன.

தெரிந்தும் என்ன? தொழிற்சாலைச் செய்தி வெளியான ஒக்டோபர் 7ஆம் திகதி பங்கு ஏறியது உண்மை. ஆனால் அது உலகப் பொருளாதாரம் சரிந்துகொண்டிருந்த ஆண்டு. நவம்பரில் ஏஎம்டி பங்கு 2 டொலருக்கும் கீழே போனது. இரகசியம் என்னவோ உண்மையான இரகசியந்தான். அதற்குள் இருபது வருடத்து எதிர்காலமே இருந்தது. பங்கு வாங்குபவர் தேடியதோ அடுத்த கிழமையை.

2009 ஒக்டோபர் 16ஆம் திகதி ராஜரத்தினம் கைதானார். அந்தச் செய்தியில் கொழும்புப் பங்குச் சந்தையும் ஆட்டங்கண்டது. அதுவரை போதைவஸ்து, குற்றக் கும்பல் வழக்குகளில் கையாளப்பட்ட தொலைபேசி ஒட்டுக்கேட்டல் இந்த வழக்கில் பங்கு வியாபாரிமேல் பாய்ந்தது. ஆய்வுத் துணுக்குகளைக் கோத்துப் படமாக்கியதே தன் தொழில் என்பது அவர் தரப்பு வாதம். ஒலிப்பதிவுகளைக் கேட்ட ஜூரிகள் 2011 மே மாதம் 14 குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளி என்றனர். 11 ஆண்டு சிறை, 10 மில்லியன் டொலர் தண்டம், 53.8 மில்லியன் பறிமுதல்.

தமிழரிடையே அவரைப் பற்றி இருவிதமாகக் கதைப்பார்கள். கெட்டிக்காரன், வெள்ளைக்காரனுக்குப் பொறுக்கவில்லை என்பது ஒன்று. பேராசை என்பது மற்றது. 2008 வீழ்ச்சியை உண்டாக்கிய பெரிய வங்கிக்காரர் வெளியே திரிய நான் ஏன் உள்ளே என்று அவர் 2021இல் வெளியிட்ட நூலில் கேட்கிறார். நியாயமான கேள்வி. ஆனால் குமாருக்குப் போன பணம் குமாருடைய வீட்டுப் பணியாளின் பெயரிலான கணக்கில் ஏன் போனது என்பதற்கு அது பதிலாகாது.

போர் முடிந்தபின் கொழும்புப் பங்குச் சந்தைக்கு யாழ்ப்பாணத்திலும் கிளை வந்தது. அங்கே வாங்குபவர், விற்பவர் எவருக்கும் காலாண்டு அறிக்கை வரும் நாள் ஒரு பெரிய நாள்தான். சிப் கம்பனிகளோ அதையும் மதிப்பதில்லை. 2025 ஒக்டோபர் 6ஆம் திகதி, கணக்கு வெளிவர இன்னும் ஒரு மாதம் அளவில் இருக்க, ஓப்பன்ஏஐ தன் சிப்களை வாங்கும் என்று ஏஎம்டி சந்தை திறக்குமுன் அறிவித்தது. அதற்கு ஈடாக 16 கோடிப் பங்குகள் வரை ஓப்பன்ஏஐக்குக் கொடுக்கவும் சம்மதித்தது. அன்றைக்கே பங்கு 20 வீதத்துக்கு மேல் ஏறியது. நவம்பர் கணக்கை நம்பி ஒக்டோபர் முதல் கிழமை விற்றுவிட்டுக் காத்திருந்தவர்கள் மார்க்கத்தில் எத்தனை பேரோ.